தமிழரசி இருந்த முட்டைகள்

ஆறு வருஷமாக முட்டைகளோடு வேலை பார்த்தவள் ஷைலா. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் அந்த ஆய்வுக்கூடம் இருந்தது. மூன்று அறைகள், இரண்டு அடைகாக்கும் பெட்டிகள், ஒரு ஜெனரேட்டர். புற்றுநோய்க் கட்டிகளுக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே வேலை. நடத்தியவர் டாக்டர் டோ சான் யீ. எல்லாரும் அவரைச் சயாமா என்று கூப்பிடுவார்கள். டாக்டரம்மாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் அந்த ஊரில் அதுதான் மரியாதைச் சொல்.

முன்பெல்லாம் சயாமா எலிகளை வைத்திருந்தார். கரண்ட் நாளுக்கு எட்டு மணி நேரம் வந்தால் பெரிது என்று ஆன பிறகு, வெயிலில் எலிகள் கூண்டு கூண்டாகச் செத்தன. அப்போதுதான் முட்டைக்கு மாறினார்கள். கருக்கட்டிய முட்டை மிங்கலாடோன் பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும். மூன்றாம் நாள் ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சிவிட்டு, ஓட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அதன் மேல் கண்ணாடி நாடா ஒட்டுவாள் ஷைலா. எட்டாம் நாள் அந்த ஜன்னல் வழியே பார்த்தால் குஞ்சைச் சுற்றி ஒரு மெல்லிய தோல், அது நிறைய ரத்தக் குழாய்கள். அந்தத் தோலின் மேல் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து, வளையத்துக்குள் நோயாளியின் கட்டியிலிருந்து பருப்பளவு துண்டு வைப்பாள். இது வேற்று உடம்பு என்று தள்ளிவிடும் பலம் குஞ்சுக்கு அந்த வயதில் இல்லை. கட்டி வேர் பிடித்துவிடும். மேலே மருந்தைச் சொட்டுவார்கள். பதினாலாம் நாள் வெட்டி எடுத்து எடை பார்ப்பார்கள். அதற்கு மேல் போகக்கூடாது என்பது சயாமாவின் கண்டிப்பு. அந்த நாளுக்குப் பிறகு குஞ்சுக்கு வலி தெரிய ஆரம்பிக்கும் என்பார்.

மார்ச் கடைசியில் ஒரு துண்டு வந்தது. குழாயில் பெயர் இல்லை, டி-19 என்று மட்டும் எழுதியிருந்தது. ஷைலா அதை எட்டு முட்டைகளில் வைத்தாள். எட்டிலும் பிடித்தது.

நாலு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நகர பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் நீலச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"தங்கச்சி, நீங்க தமிழா?"

"ஆமாண்ணே. சொல்லுங்க."

"எம் பேரு தனசேகரன். தாமுவேயில இருக்கேன். எங்க வீட்டம்மா வயித்தைத் தெறந்து பாத்துட்டு, ஒரு துண்டை மட்டும் எடுத்து இங்க அனுப்பிச்சாங்க. நான் கையெழுத்து போட்ட காகிதத்துல இந்த விலாசம் இருந்திச்சு."

"ரிசல்ட் வர இன்னும் ரெண்டு நாள் ஆவும்ண்ணே. அதையும் ஆஸ்பத்திரியிலதான் சொல்லுவாங்க."

"ரிசல்ட்டுக்கு வரலே." அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைக்கூட இல்லை, இடது புருவத்தை. சின்ன வயதில் ஊஞ்சலில் அடிபட்டு, அவள் புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. "அந்தத் துண்டை எங்க வெச்சிருக்கீங்க? சூடா ஒரு எடத்துலயா?"

ஷைலா புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வீட்டம்மாதான் சொல்லுது, நான் எட்டு எடத்துல படுத்திருக்கேன்னு. எல்லாம் சின்னச் சின்ன எடமாம். இருட்டு. மேல ஒரு ஜன்னல். அப்பப்போ மஞ்சளா வெளிச்சம் வரும், ஒரு பொம்பளை எட்டிப் பாப்பா, மூக்கு வரைக்கும் துணி கட்டியிருப்பா, புருவத்துல தழும்பு இருக்கும்னு சொல்லுது." அவர் குரல் சாதாரணமாக இருந்தது. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார். "ஏழு எடத்துல பக்கத்துல ஒண்ணு தூங்குதாம். ஒண்ணுல மட்டும் விடியக்காலையிலேருந்து யாரும் இல்லையாம். தனியா கிடக்கேன், போய்ச் சொல்லுன்னு அழுவுது. அதான் லீவு போட்டுட்டு வந்தேன். அந்த ஒண்ணை மட்டும் என்னன்னு பாத்திடுங்க தங்கச்சி."

பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு ஷைலா உள்ளே போனாள். கையுறை போட்டுக்கொண்டு அடைகாக்கும் பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம் எட்டு முட்டையும் நன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சிவப்பு வலைக்குள்ளே கரும்புள்ளியாகக் கண், அசைகிற கால். ஐந்தாவதை எடுத்தபோதே கையில் வித்தியாசம் தெரிந்தது. குழாய்கள் சாம்பல் நிறமாகப் போயிருந்தன. குஞ்சு செத்துச் சில மணி நேரம் ஆகியிருக்கும். வளையத்துக்குள் இருந்த கட்டி மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

கூட வேலை பார்த்த உஸாமா பக்கத்து மேசையில் மருந்து அளந்துகொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள்.

"வலிக்குக் குடுக்கற மருந்து அப்படித்தான் பேச வைக்கும்" என்றான் அவன். "ஆஸ்பத்திரியில யாராச்சும் முட்டையில வெச்சுப் பாக்கறாங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"எட்டுன்னு யார் சொன்னா?"

"எப்பவும் எட்டுதானே வெக்கிறோம்."

தழும்பைப் பற்றி அவனிடம் அவள் சொல்லவில்லை. ஐந்தாவது முட்டையை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் கால்கள் தாமுவே பஸ்ஸில்தான் ஏறின. எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. துண்டோடு வந்த, தனசேகரன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் விலாசம் இருந்தது. கீழே டீக்கடை, மேலே இரண்டாவது மாடியில் ஒரே அறை. சுவரோரம் தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த ரவிக்கைகள். தன் மனைவி தமிழரசி பர்மாக்காரப் பெண்களுக்கு எங்ஞி என்ற ரவிக்கை தைப்பதில் பேர்போனவள் என்று தனசேகரன் சொன்னார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தால் நாற்பத்தேழு வயது என்று நம்ப முடியாது. கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தது. அவர்தான் பூசிவிட்டிருக்க வேண்டும், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தது.

தமிழரசி கண்ணைத் திறந்து ஷைலாவின் புருவத்தைப் பார்த்தாள்.

"நீதானா" என்றாள். "அந்தத் தனியா இருந்ததை எடுத்திட்டே."

"எடுத்திட்டேங்க்கா."

"நல்லது."

தனசேகரன் டீ வாங்கி வரக் கீழே போனார். ஷைலா ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டாள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியவில்லை.

"அங்க என்னக்கா தெரியுது?"

"ஒண்ணும் தெரியாது. டக்கு டக்குன்னு ஒரு சத்தம், வேகமா. நம்ம நெஞ்சு மாதிரி மூணு பங்கு வேகம். பக்கத்துல அது தூங்கும். நான் அது மேல சாஞ்சுகிட்டு, அது சாப்பிடறதைச் சாப்பிடறேன்." தமிழரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருடிவிட்டதைச் சொல்ல வெட்கப்படுகிறவள் போல இருந்தது. "சின்னக் குழந்தைகிட்டேருந்து பிடுங்கித் தின்ற மாதிரி இருக்கு. ஆனா அங்க வலிக்கலே தங்கச்சி. இங்கதான் வலிக்குது. வலி தாங்கலேன்னா கண்ணை மூடிக்கிட்டு அங்க போயிடறேன்."

ஷைலாவின் கை தன்னையறியாமல் கழுத்திலிருந்த சிலுவையைத் தேடியது.

"எப்போ எடுப்பே?" என்று கேட்டாள் தமிழரசி.

"நாளைக்கு. எந்த மருந்து கேக்குதுன்னு தெரியணும்னா வெட்டித்தான் எடை பாக்கணும். அது உங்களுக்காகத்தான்க்கா."

"எடு. வேணாம்னு சொல்லலே." அவள் கையை நீட்டி ஷைலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு மாதிரி இல்லை. அடைகாக்கும் பெட்டியைத் திறந்ததும் கையில் வந்து படுகிற ஈரமான சூடு அது. "ஒண்ணை மட்டும் விட்டுடு."

மறுநாள் ஏழு முட்டைகளையும் முதலில் ஐஸில் வைத்தார்கள். அது வழக்கம். குளிரில் குஞ்சு மரத்துப்போகும், பிறகு வெட்டுவார்கள். ஐஸ் பெட்டியை மூடும்போது ஷைலா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம். பத்து நிமிஷத்தில், முந்தின நாள் அவளிடம் நம்பர் வாங்கியிருந்த தனசேகரனிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, இந்த வெயில்ல ரெண்டு போர்வை போத்தியும் நடுங்குது. பல்லு கிட்டிக்கிச்சு. அங்க என்ன பண்றீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம்ண்ணே. கையைப் பிடிச்சுக்கிட்டிருங்க. சீக்கிரம் முடிச்சிடறேன்."

கையுறைக்குள்ளே விரல் வியர்க்க, அன்றுபோல அவ்வளவு வேகமாக அவள் ஒருநாளும் வேலை செய்ததில்லை. எடை பார்த்ததில் ஏழு கட்டியும் வளர்ந்திருந்தன. மூன்று மருந்து சொட்டியிருந்தார்கள், மருந்து சொட்டாததற்கும் சொட்டியதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சயாமா எண்களை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதற்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுகிறேன். மீதியை அழித்துவிடு."

"சயாமா, இந்த நோயாளி..." ஷைலா பர்மியச் சொற்களைத் தேடினாள். "முட்டைக்குள்ளே நடப்பதெல்லாம் தனக்குத் தெரிகிறது என்று சொல்கிறார்."

சயாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "எழுத முடியாததை என்னிடம் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மீதியை ஷைலா அழித்தாள். ஒரு துணுக்கைத் தவிர. வேறொரு வேலைக்காக வைத்திருந்த எட்டு நாள் முட்டையில் அதை வைத்து, வளையம் போட்டு, நாடா ஒட்டி, மேலே 'பயிற்சி' என்று எழுதி, பெட்டியின் அடித்தட்டில் பின்பக்கமாக வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் பொய்யாக எழுதிய முதல் சொல் அது. 

ஆறு நாள் கழித்து அந்த முட்டைக்கும் பதினாலாம் நாள் வந்தது. துணுக்கை இன்னொரு எட்டு நாள் முட்டைக்கு மாற்றினாள். அன்று மத்தியானம் தனசேகரன் போன் செய்து, "வீடு மாத்தியிருக்கே, நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லிச்சு" என்றார். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். தமிழரசி இப்போது பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தாள். விழித்தால் முனகல். தூங்கினால் முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "அப்போ அது இங்க இல்லே தங்கச்சி. உங்ககிட்டதான் இருக்குது" என்று அவர் சொல்வார். அதில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

மூன்றாவதாக மாற்ற முட்டை இல்லை. ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழா. ஊரே பத்து நாள் மூடிக்கிடக்கும் என்பதால் சயாமா புது முட்டை எதுவும் அடையில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஷைலா பண்ணைக்குப் போன் செய்தாள். பண்ணையைப் பார்த்துக்கொண்ட பழனியப்பன், "ஆளுங்கெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்கம்மா, லாரியும் ஓடலே. திருவிழா முடிஞ்சு வாங்க" என்றார். திருவிழா முடிந்து வந்தாலும் முட்டை எட்டு நாள் சூட்டில் இருந்த பிறகுதான் துணுக்கு வைக்க முடியும்.

பதினாலாம் நாள் காலை ஷைலா ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு முட்டைதான். ஐந்து நிமிஷ வேலை. உள்ளே குஞ்சு புரண்டு படுத்தது விளக்கில் தெரிந்தது. அவள் ஐஸ் பெட்டியை மூடினாள்.

முட்டையின் பதினாறாம் நாள் தாமுவேக்குப் போனபோது தமிழரசி விழித்திருந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது.

"என்னக்கா, அங்க வலிக்குதா?" என்று கேட்டாள் ஷைலா. சயாமாவின் கண்டிப்பு அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

"வலிக்கலே." தமிழரசி யோசித்து யோசித்துப் பேசினாள். "இத்தனை நாளும் நான் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியுது. அப்பப்போ திரும்பிப் பாக்குது."

"யாரு?"

"கூட இருக்கறது."

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. கீழே டீக்கடையில் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார்கள். தனசேகரன் ஜன்னலைத் திறக்க எழுந்து போனார், திறந்த பிறகும் அங்கேயே வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

திருவிழாவின் முதல் நாள் ஆய்வுக்கூடக் கட்டடத்தின் காவல்காரர் சொல்லிவிட்டார், இனி டீசல் இல்லை, ஜெனரேட்டரைப் போட முடியாது என்று. பெட்டியில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஷைலா ஒரு தெர்மாகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டில்களை வைத்து, நடுவே பஞ்சுக்குள் முட்டையையும் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து மூடி, பாலிதீன் பையில் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் கிடையாது. நடக்க வேண்டும். தெருவுக்குத் தெரு பந்தல், பாட்டு, குழாய்களில் தண்ணீர். முந்தின சில வருஷங்களைவிடக் கூட்டம் குறைவுதான், ஆனால் நிற்கிறவர்கள் வருகிறவர்களை நனைக்காமல் விடுவதாக இல்லை. பெட்டிமேல் குனிந்துகொண்டு, "மருந்து, மருந்து" என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே போனாள். பலர் வழி விட்டார்கள். தாமுவே சந்தை மூலையில் ஒரு பெண் பின்னாலிருந்து வந்து, நல்ல மனசோடுதான், ஒரு வெள்ளிக்கிண்ணத் தண்ணீரை அவள் தோளில் மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிப் பையின் முடிச்சுக்குள் போனது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். பஞ்சின் ஒரு ஓரம் நனைந்திருந்தது. முட்டை சூடாகவே இருந்தது.

கட்டிலிலிருந்து தமிழரசி கேட்டாள், "மழை பேஞ்சுதா?"

அதற்குப் பிறகு நாலு நாள் ஷைலா பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள். தான் தங்கியிருந்த அண்ணன் வீட்டாரிடம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள், அது பொய்யில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை வெந்நீர் மாற்ற வேண்டும். அவள் போன பிறகு தனசேகரன் மாற்றுவார். தெர்மாமீட்டர் முப்பத்தேழரைக்குக் கீழே போகாமல், பஸ் ஓட்டுகிறவரின் கவனத்தோடு பார்த்துக்கொண்டார். முதல் நாள் பெட்டியைத் தொடவே கூசினவர், மூன்றாம் நாள் மூடியைத் திறந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததை ஷைலா பார்த்தாள். அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

ஜன்னல் வெட்டிய முட்டை பொரிந்து அவள் பார்த்ததில்லை. அத்தனை நாள் யாரும் விட்டதில்லை. இந்த முட்டை எப்போதோ செத்திருக்க வேண்டும். கரண்டும் இல்லாமல், தெருவெல்லாம் தூக்கி வந்து, வெந்நீர் பாட்டிலுக்கு நடுவில். ஆனால் விளக்கில் காட்டும்போதெல்லாம் உள்ளே இருட்டு நிறைந்துகொண்டே வந்தது. இருபதாம் நாள் விளக்கு வெளிச்சம் புக இடமே இல்லை. அன்று சாயங்காலம் பெட்டியில் காதை வைத்தபோது உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

தமிழரசி தூக்கத்தில் தோள்களை ஒடுக்கிக்கொண்டாள். "இடம் பத்தலே" என்றாள்.

மறுநாள் பர்மிய வருஷப்பிறப்பு. நாலு நாள் கூச்சலுக்குப் பிறகு தெரு அடங்கிப்போயிருந்தது. புண்ணியத்துக்காகக் குளத்தில் மீன் விடப் போகிறவர்கள் வாளியோடு பேசாமல் நடந்துபோனார்கள். ஷைலா எட்டரை மணிக்கு வந்தபோது தனசேகரன் வாசலிலேயே நின்றார்.

"தட்டுது" என்றார்.

"முட்டையா?"

"ரெண்டும்."

உள்ளே போனாள். பெட்டிக்குள் ஓட்டில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. டொக், டொக் என்று இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒன்று. கட்டிலில் தமிழரசியின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நடுவிரல் கட்டில் பலகையைத் தட்டியது. இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று. ஷைலா இரண்டுக்கும் நடுவில் நின்று கேட்டாள். முன்பின் இல்லாமல் இரண்டும் ஒரே சத்தமாக வந்தன.  வெளியே ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. ஒரு பக்கம் தனசேகரன் மனைவியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷைலா பெட்டியருகே தரையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் அப்படிப் போனது. விரிசல் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அரசி, ஏதாச்சும் வேணுமா?" என்று தனசேகரன் கேட்டார்.

தமிழரசி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தெளிவாகப் பேசினாள். "வெளிச்சம் வருது. நீ ஏன் இவ்வளவு பெரிசா இருக்கே?"

அவர் அவள் மேல் குனிந்தார். அவள் முகம் அவர் பக்கம் திரும்பவே இல்லை என்பதை ஷைலா கவனித்தாள். அப்போது ஓட்டின் தொப்பி நகர்ந்து, ஈரமான ஒரு கண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்த திசையில்தான் தனசேகரன் இருந்தார்.

விரல் இரண்டு தட்டுத் தட்டியது. இடைவெளி. மூன்றாவதற்காக ஷைலா காத்திருந்தாள். பெட்டியிலிருந்து மட்டும் அது வந்தது. அப்புறம் பெட்டியில் மட்டுமே தட்டல் கேட்டது.

தனசேகரன் அழவில்லை. மனைவியின் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு வந்து ஷைலாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருவருமாகக் குஞ்சு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தை நீட்டி, காலை உதைத்து, ஒரு சின்ன ஈரத்துணி போல அது பஞ்சில் விழுந்து மூச்சு வாங்கியது.

"இதுல அது இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லேண்ணே." பதில் அவளிடம் தயாராக இருந்தது. "துண்டு வெச்சது ஓட்டுப் பக்கத்துத் தோல்ல. குஞ்சு வெளிய வரும்போது அந்தத் தோலை ஓட்டிலேயே விட்டுட்டுத்தான் வரும். அக்கா அதுல வரலே. அக்கா போயிட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் சொல்ல எழுந்து போனார்.

ஷைலா ஓட்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அவள் சொன்னபடியே தோல் உள்ளே ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது. ரத்தக் குழாய்கள் கறுத்துப் போயிருந்தன. பிளாஸ்டிக் வளையம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வளையத்துக்குள் ஒன்றும் இல்லை. காலையில் வந்ததும் ஓட்டிலிருந்த ஜன்னல் வழியே பார்த்தபோது மொச்சை அளவில் கட்டி அங்கே இருந்தது. பஞ்சைப் பிரித்துப் பார்த்தாள். பாட்டில்களை எடுத்துப் பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். குஞ்சைத் தூக்கி வயிறு, இறக்கையடி, கழுத்து எல்லாம் விரலால் தடவினாள். எலும்பும் ஈரமும்தான். அது சத்தம் போடாமல் கிடந்து அவள் புருவத்தைப் பார்த்தது.

படியில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. அவள் ஓட்டைப் பஞ்சில் சுற்றித் தனசேகரனிடம் கொடுத்தாள். தமிழரசியை எடுத்துப் போகும்போது அவர் அதைச் சேலை மடிப்புக்குள் வைத்து அனுப்பினார். அது வெறும் ஓடு என்று ஷைலா அவரிடம் சொல்லவில்லை.

திருவிழா விடுமுறை முடிந்து சயாமா வந்ததும் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வளையத்தைப் பற்றிக்கூடச் சொன்னாள். சயாமா கேட்டுக்கொண்டே இருந்தார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று ஷைலா எதிர்பார்த்தாள்.

"குஞ்சுக்கு எதிர்ப்பு சக்தி வந்ததும் கட்டியைக் கரைத்திருக்கலாம்" என்றார் சயாமா. பிறகு, "சில மணி நேரத்தில் அல்ல" என்று தானே சேர்த்துக்கொண்டார். "அங்கே காரியம் முடிந்ததும் அந்தக் குஞ்சை எடுத்து வா. திறந்து பார்க்க வேண்டும். இனிமேல் நீ முட்டை பக்கம் போகாதே, ரத்தம் எண்ணுகிற மேசைக்கு மாறிக்கொள். உஸாமா பார்க்கட்டும்."

தமிழரசியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஷைலா தாமுவேக்குப் போனாள். கையில் துளை போட்ட ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பூசை முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, தனசேகரன் தையல் மெஷினுக்கு அடியிலிருந்து மூங்கில் கூடையை இழுத்தார். குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது. கால் தேறி நன்றாக நடந்தது.

"நீங்க சொன்னது சரிதான் தங்கச்சி" என்றார். "சாதாரணக் கோழிக்குஞ்சுதான். பசிச்சா கத்துது, தின்னா தூங்குது. நான் பேசினா மட்டும் தூங்காது, கேட்டுக்கிட்டிருக்கும். அவ்வளவுதான்." அவர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார், துளைகளையும் பார்த்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை.

ஷைலா குஞ்சைக் கையில் எடுத்தாள். மறுபடியும் வயிற்றைத் தடவினாள். அடியில், தொடை சேருகிற இடத்தில், அரிசி அளவுக்கு ஏதோ விரலில் பட்டது போல இருந்தது. அழுத்திப் பார்த்தபோது இல்லை. குடலாக இருக்கலாம். நெஞ்சு மட்டும் அவள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. ஒரு குஞ்சுக்கு இருக்க வேண்டியதைவிட அது மெதுவாக அடித்தது.

அவள் அதைக் கூடைக்குள் விட்டுவிட்டு எழுந்தாள். "வரேண்ணே" என்றாள்.

மறுநாள் சயாமா அவள் மேசையில் இருந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

"செத்துவிட்டதா?"

"ஆமாம் சயாமா."

சயாமா பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, "அப்படியே எழுதிவிடு" என்றார்.

ஷைலா எழுதினாள்.